அக்குளில் கிழியும் ஜாக்கெட்: தையலைக் கூட்டுவதா, வெட்டை மாற்றுவதா?

காவேரிப்பட்டினம் தையலகம்:
அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டினத்தில் வீட்டின் முன்னறையிலேயே 12 ஆண்டுகளாக ஜாக்கெட் தைத்து வருகிறேன். என்னிடம் தைப்பவர்களில் பாதிப் பேர் மாங்காய் பறிக்கவும், மண்டியில் தரம் பிரிக்கவும், கூடை தூக்கவும் போகிறவர்கள். இந்தப் பருவத்தில் ஒரே வாரத்தில் ஐந்து ஜாக்கெட்டுகள் திரும்பி வந்துவிட்டன. ஐந்திலும் கிழிசல் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: கை உடம்போடு சேரும் அக்குளின் பின்பக்கம். போன ஆண்டு இதே குறை வந்தபோது அந்த இடத்தில் இரட்டைத் தையல் போட்டேன். அதுவும் போதாதென்று இந்த ஆண்டு மூன்றாவது ஓட்டமும் ஓட்டினேன். இப்போது தையல் அசையாமல் அப்படியே இருக்க, அதற்குப் பக்கத்திலேயே துணி கோடு போட்டதுபோலக் கிழிந்து வருகிறது. விட்ட தையலையாவது திரும்பப் போட்டுக் கொடுத்திருப்பேன், கிழிந்த துணியை நான் என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

அரூர்க்காரி:
அக்கா, நான் இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன். 16ஆம் எண் ஊசியும் தடித்த நூலும் போட்டுத் தைத்தால் நிற்காதா?

தகடூர்க் கத்தரி:
நிற்காது. துணி இன்னும் சீக்கிரமாகக் கிழியும்.

தருமபுரியில் 40 ஆண்டுகள் ஆண்கள் உடை தைத்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான் என்பதால், அதற்கு முன் கலெக்டர் அலுவலக வேலையாக வரும் உங்கள் ஊர்க்காரர்கள் பலர் என்னிடம் அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த உரிமையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அம்மா.

கிழிசல் என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதில் மூன்று வகை உண்டு. முதலாவது, நூல் அறுந்து தையல் விட்டுப்போவது. துணிக்கு எந்தச் சேதமும் இருக்காது, ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். இரண்டாவது, நூல் நிற்கத் துணி அறுவது. அஞ்சல் தலைத் தாளைத் துளைக் கோட்டில் கிழித்ததுபோல நேராகக் கிழிந்திருக்கும், நீளவாக்கில் ஓடும் பாவு நூலோ, குறுக்கே ஓடும் ஊடை நூலோ அறுந்து பிசிறாக நிற்கும். மூன்றாவதில் நூலும் அறாது, துணியும் அறாது. நெசவு மட்டும் தையலை விட்டு நழுவி, ஏணிப்படி போல ஒரு பக்கத்து இழைகள் தனியே தெரியும். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. முதல் வகைக்குரிய மருந்தை இரண்டாம் வகைக்குக் கொடுத்தால் நோய் முற்றும், நீங்கள் மூன்றாவது ஓட்டம் ஓட்டியதுபோல. ஒவ்வொரு ஓட்டமும் துணியில் ஒரு துளை வரிசை என்பதை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இழுவை வந்தால் ஏதோ ஒன்று போகத்தான் செய்யும். அப்படிப் போவது நூலாகவே இருக்கட்டும் என்றுதான் பழைய தையற்காரர்கள் துணியைவிடச் சற்று வலுக்குறைந்த நூலைப் போடுவார்கள். விட்ட தையலைப் பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம்.

அந்த ஐந்து ஜாக்கெட்டுகளையும் உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எது எந்த வகை என்று எழுதுங்கள். பிறகு பேசலாம்.

காவேரிப்பட்டினம் தையலகம்:
பார்த்துவிட்டேன், ஐயா. இத்தனை ஆண்டுகளில் இப்படிப் பிரித்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை. இரண்டில் நூல் அறுந்திருக்கிறது. இரண்டும் வேறொரு பெண் உதவிக்கு வந்து தைத்தவை, ஒற்றைத் தையல். நான் மூன்று ஓட்டம் ஓட்டிய இரண்டில் துணி அறுந்திருக்கிறது. ஐந்தாவது பட்டு ஜாக்கெட், கல்யாணத்துக்குப் போட்டுப் பந்தியில் பரிமாறப் போனவருடையது. அதில் நீங்கள் சொன்ன ஏணிப்படி அப்படியே தெரிகிறது.

ஓசூர் லைன் 7:
ஓசூர்ப் பக்கத்தில் ஏற்றுமதி ஆடை நிறுவனம் ஒன்றில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். நூல் அறுந்த இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அக்குளின் கீழ் வளைவு பாவுக்கும் ஊடைக்கும் நடுவே சாய்ந்து ஓடும் இடம். அப்படிச் சாய்வாக, அதாவது கிராஸில் ஓடும் துணியைப் பிடித்து இழுத்தால் இழைகள் அறாமலேயே நெசவின் கட்டங்கள் சாய்ந்து துணி நீண்டு கொடுக்கும். நம் மெஷின் போடும் பூட்டுத் தையலோ அந்த அளவுக்கு நீளாது. துணி நீண்டு நூல் நீளாதபோது நூல் அறுகிறது. அதனால் அங்கே தேவைப்படுவது தடித்த நூல் அல்ல, நீண்டு கொடுக்கும் தையல். தையலில் எவ்வளவு நூல் அடங்கியிருக்கிறதோ அந்த அளவுக்கு அது நீளும். ஓர் இஞ்சுக்கு எட்டுத் தையல் விழுந்தால் அடங்கும் நூல் குறைவு, 12 விழுந்தால் அதிகம். 16, 18 என்று போனால் மெல்லிய துணி துளைகளால் பலவீனமாகிவிடும். சாதாரண ஜாக்கெட் துணிக்கு 11 அல்லது 12இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம். மேல் நூல் இறுகிக் கிடந்தால் எத்தனை தையல் போட்டாலும் நீளாது. இரண்டு நூலும் துணியின் கனத்துக்குள்ளே பின்னிக்கொள்ள வேண்டும். மேலேயும் முடிச்சு தெரியக்கூடாது, கீழேயும் தெரியக்கூடாது. கீழ் நூல் இருக்கும் பாபின் கேஸை அந்த நூலில் தொங்கவிட்டு மெல்ல ஒரு உதறு உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று ஓடினால் தளர்வு, அசையவே இல்லையென்றால் இறுக்கம். தைத்த பிறகு அக்குள் பகுதியை இரண்டு கையாலும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். அறுவதானால் அது உங்கள் கையிலேயே அறட்டும்.

ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 14ஆம் எண் ஊசி 0.9 மில்லிமீட்டர் தடிமன், 16ஆம் எண் 1 மில்லிமீட்டர், 11ஆம் எண் 0.75. ஜாக்கெட்டுக்கான மெல்லிய ரூபியா துணிக்கு 14க்கு மேல் போக வேண்டிய தேவையே இல்லை. ஊசி மழுங்கியிருந்தால் இழையை விலக்கிக்கொண்டு போகாமல் அறுத்துக்கொண்டு போகும். துணி அறுந்த அந்த இரண்டு ஜாக்கெட்டுகளிலும் அதற்குப் பங்கு இருக்கலாம்.

கடைசியாக, அக்குள் சுற்றில் உள்பக்கமாகக் கால் இஞ்ச் அகல நாடா வைத்துத் தைத்துவிட்டால் துணி அறுவது நின்றுவிடும் என்று நினைக்கிறேன். தோள் தையலில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பாலக்கோட்டுப் பட்டு:
பட்டு ஜாக்கெட்டைப் பற்றி நான் சொல்கிறேன், அக்கா. பட்டு இழை வழுவழுப்பானது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. அதனால் இழுவை வந்தால் தையலை விட்டு இழை நழுவும். இங்கே தையலைக் கூட்டிப் பயனில்லை. நழுவும் இழையைப் பிடித்துக்கொள்ள வேறொரு துணி வேண்டும். லைனிங்கைத் தனியாகத் தைத்து உள்ளே தொங்கவிடாமல், வெட்டிய ஒவ்வொரு துண்டையும் லைனிங்கின் மேல் பரப்பி, ஓரம் முழுக்கக் கையால் ஓட்டுத் தையல் போட்டு இரண்டையும் ஒரே துணியாக்கிக்கொண்டு, அதன் பிறகுதான் டாட் (மார்பு வடிவத்துக்கான மடிப்புத் தையல்) பிடிக்க வேண்டும். பட்டை வெட்டும்போது லைனிங் நூலிழை அளவு உள்ளடங்கி இருக்கட்டும், இழுவையை அதுதான் முதலில் வாங்கும். ஓரத்தில் அரை இஞ்சுக்குக் குறையாமல் துணி விடுங்கள். கால் இஞ்சோடு நிறுத்தி, பிசிறு வராமல் ஓரத்தைச் சுற்றும் ஓவர்லாக் அடித்துவிட்டால் ஓவர்லாக்கோடு சேர்ந்தே உருவிக்கொண்டு வந்துவிடும்.

வியர்வை பட்டின் பகைவன் என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும். அக்குளுக்கு மெல்லிய காட்டன் துண்டு ஒன்றை உள்ளே கையால் பிடித்துக் கொடுத்தால், அதை மட்டும் பிரித்தெடுத்துத் துவைத்துக்கொள்ளலாம்.

தகடூர்க் கத்தரி:
ஓசூர்த் தங்கை தையலைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. நாடாவை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தோள் தையலுக்கு நாடா வைக்கலாம், பின் கழுத்துக்கு வைக்கலாம், அந்த இடங்கள் நீளக்கூடாத இடங்கள். நாடாகூடத் தேவையில்லை, பழைய வேட்டியின் கரையை நீளவாக்கில் கிழித்து வைத்தால் அதைவிட நீளாத பட்டி கடையில் கிடைக்காது. ஆனால் அக்குள் நீள வேண்டிய இடம். அங்கே நீளாத ஒன்றை வைத்து இறுக்கினால் இழுவை காணாமல் போகாது, நாடாவின் விளிம்புக்கு நகர்ந்து அங்கே கிழிக்கும். மூன்று ஓட்டத்துக்கு நேர்ந்ததும் அதுவே.

வலுப்படுத்துவதைப் பற்றிப் பேசும்போது ஜீன்ஸ் பேண்ட்டின் செப்பு ரிவெட்டை எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்காவில் நெவாடா மாகாணத்து ரீனோ ஊரில் தையற்கடை வைத்திருந்த ஜேக்கப் டேவிஸ், மரம் வெட்டும் ஒருவருக்காக அவர் மனைவி கேட்ட கால்சட்டையில் பாக்கெட் மூலைகளுக்கு ரிவெட் அடித்துக் கொடுத்தார். பிறகு துணி வணிகர் லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20இல் காப்புரிமை பெற்றார். அவர் ரிவெட் அடித்தது இழுவை ஒரு புள்ளியில் வந்து குவியும் இடத்தில், பாக்கெட் மூலையில். அந்த மூலை அசைய வேண்டிய அவசியம் இல்லாததால் அங்கே இறுக்கம் நல்லது. அதே எண்ணத்தோடு அவர் அக்குளில் ரிவெட் அடித்திருந்தால் அந்த மரம்வெட்டி சட்டையைக் கழற்றி அவர் முகத்தில் எறிந்திருப்பார்.

இப்போது வெட்டுக்கு வருகிறேன். உங்கள் பெண்கள் கையைத் தலைக்கு மேலே தூக்கி வேலை செய்கிறார்கள். கையைத் தூக்கினால் இடுப்பிலிருந்து முழங்கை வரையுள்ள பக்கவாட்டு நீளம் கூடுகிறது. அந்தக் கூடுதல் நீளத்தை ஜாக்கெட் எங்கிருந்தாவது கொடுக்க வேண்டும். கை வளையம் பெரிதாக இருந்தால் கை தாராளமாகத் தூக்க வரும் என்று நினைத்து நாம் அக்குளைக் கீழே இறக்கி வெட்டுகிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. அக்குள் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவுக்குப் பக்கத் தையல் குட்டையாகிறது. கையைத் தூக்கியதும் மொத்த ஜாக்கெட்டும் மேலே இழுபடுகிறது. இறுக்கமான ஜாக்கெட் மேலே ஏற முடியாமல் அக்குளில் கிழிகிறது. அக்குளை உடம்பின் அக்குளுக்கு ஒட்டி அரை இஞ்ச் மேலே ஏற்றி வெட்டிப் பாருங்கள்.

தோளோடு சேரும் கையின் மேல் வளைவும் அப்படியே. வளைவு உயரமாக இருந்தால் கை தொங்கும்போது சுருக்கமில்லாமல் அழகாக விழும், தூக்க வராது. உயரத்தை அரை இஞ்சிலிருந்து முக்கால் இஞ்ச் வரை குறைத்து, குறைத்த அளவுக்கு வளைவின் நீளம் கெடாதபடி கையின் அகலத்தைக் கூட்டினால் கையின் அடித் தையல் நீளும், தூக்க வரும். சட்டைக்குக் கை வளைவு குட்டை, கோட்டுக்கு உயரம். கோட்டுப் போட்டவர் மாங்காய் பறிப்பதில்லை.

பாலக்கோட்டுப் பட்டு:
ஐயா சொல்வது கணக்குக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் கையின் மேல் சுருக்கம் விழுந்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஜாக்கெட்டைத் திரும்ப முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். "கை சரியாக உட்காரவில்லை" என்ற ஒரு பேச்சு போதும், அடுத்த தீபாவளிக்கு நாலு வீட்டு வேலை போய்விடும்.

தகடூர்க் கத்தரி:
கல்யாண ஜாக்கெட்டுக்கு உயர்ந்த வளைவே வெட்டுங்கள், நான் தடுக்கவில்லை. வேலைக்குப் போடும் ஜாக்கெட்டுக்கு வேறு அட்டை (துணியில் வைத்து வெட்டும் மாதிரி) வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம். ஒரே அட்டையில் இரண்டையும் வெட்டிவிட்டு, குறையைத் தையலின் தலையில் போடுகிறோம்.

பர்கூர் ஜவுளி:
துணி விற்பவன் என்ற முறையில் சிறு குறிப்பு. டூ பை டூ ரூபியா என்று கேட்டு வாங்குங்கள். பாவிலும் ஊடையிலும் இரண்டு புரி முறுக்கிய நூல் என்பதுதான் அதன் பொருள். விலை குறைவு என்று ரேயான் கலந்ததை வாங்கி வேலைக்குப் போடும் ஜாக்கெட்டுக்கு லைனிங் வைக்காதீர்கள். பருத்தி நனைந்தால் வலுக் கூடும். ரேயான் நனைந்தால் பாதிக்குக் கிட்டத்தட்ட வலுவை இழந்துவிடும். அக்குள் எப்போதும் நனைந்தே இருக்கும் இடம். காட்டன் லைனிங்கை ஓர் இரவு தண்ணீரில் போட்டு, உலர்த்தி, பெட்டி போட்ட பிறகே வெட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி மேல் துணியை உள்ளே இழுக்கும். தைத்தவர் மேல் பழி விழும், பிறகு என் கடைக்கு வந்தும் சண்டை.

காவேரிப்பட்டினம் தையலகம்:
லைனிங்கை நனைத்தே வெட்டுகிறேன், ரேயான் விஷயம் எனக்குப் புதிது. ஐயா, ஏற்கெனவே வெட்டித் தைத்துவிட்ட ஜாக்கெட்டில் அக்குளை மேலே ஏற்ற முடியாதே. அவற்றுக்கு என்ன வழி?

தகடூர்க் கத்தரி:
ஜிப்பாவைப் பார்த்திருப்பீர்கள். அக்குளில் ஒரு சதுரத் துண்டு இருக்கும். கை எங்கே வேண்டுமானாலும் போகும், கிழியாது. அதையே இங்கேயும் செய்யலாம். கையை உடம்போடு சேர்க்கும் வளையத் தையலைத் தொடாதீர்கள். அக்குள் புள்ளியிலிருந்து பக்கத் தையலைக் கீழே 2½ இஞ்சும், கையின் அடித் தையலை மேலே 2½ இஞ்சும் பிரியுங்கள். விரித்தால் நான்கு ஓரம் கிடைக்கும். தைத்த பின் பக்கத்துக்கு 2½ இஞ்ச் நிற்கும்படி, சுற்றிலும் அரை இஞ்ச் கூட்டி 3½ இஞ்ச் சதுரம் வெட்டி, ஒரு மூலை கீழே பக்கத் தையலிலும், எதிர் மூலை மேலே கைத் தையலிலும், மற்ற இரண்டு மூலைகள் வளையத் தையலின் முன்னும் பின்னும் வரும்படி வைத்துத் தையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் தனித் தனியாக, மூலைப் புள்ளியில் தொடங்கி மூலைப் புள்ளியில் முடிக்க வேண்டும். ஓடிக்கொண்டே திரும்பினால் மூலை சுருக்கிக்கொள்ளும்.

சதுரத்தைக் கிராஸில் வெட்ட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். நேர் துணியில் வெட்டிய சதுரத்தை மூலைவாட்டில் வைக்கும்போது அதன் நான்கு ஓரமும் நேர் இழையில் இருக்கும், நீளாது, தையல் நிற்கும். இழுவையோ மூலையிலிருந்து மூலைக்கு, அதாவது கிராஸில் விழும், நீண்டு கொடுக்கும். இதை முதலில் கண்டுபிடித்த கை யாருடையதோ, கும்பிட வேண்டும்.

அதே நிறத் துணி மிச்சம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கொக்கிப் பட்டியின் உள்மடிப்பிலிருந்து எடுத்துக்கொண்டு அங்கே லைனிங் துணியை வையுங்கள், வெளியே தெரியாது.

அரூர்க்காரி:
இந்தக் கிழிசலுக்கும் டாட் பிடிப்பதற்கும் தொடர்பு உண்டா, ஐயா? எங்கள் வகுப்பில் டாட் என்பது அழகுக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள்.

தகடூர்க் கத்தரி:
நல்ல கேள்வி. தட்டையான துணியில் ஒரு முக்கோணத்தை மடித்துத் தைத்தால் அது கூம்பாக எழுகிறது. டாட்டின் வேலை அதுதான். முன்பக்கத்துக்குத் தேவையான அளவு டாட் பிடிக்கவில்லையென்றால் அந்தக் கூம்புக்கு வேண்டிய துணியை முன்பக்கம் பின்பக்கத்திடமிருந்து இழுத்துக்கொள்ளும். அக்குளின் பின்பக்கம் கையைத் தூக்குவதற்கு முன்பே விறைத்து நிற்கும். போட்டிருப்பவரைப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். பக்கத் தையல் செங்குத்தாக விழாமல் முன்னால் சாய்ந்தால் டாட் போதவில்லை என்று பொருள்.

டாட்டின் முனை மார்பின் உச்சிப் புள்ளிக்கு ஓர் இஞ்ச் முன்பே முடிய வேண்டும். கடைசி அரை இஞ்சில் தையலைச் சிறிதாக்கி, மடிப்பின் ஓரத்தோடு உரசியபடி வெளியே ஓட்டிவிடுங்கள். முனையில் திருப்பித் தைக்காதீர்கள், அங்கே கொம்பு முளைக்கும். நூலை விட்டு வெட்டிக் கையால் முடிச்சுப் போட்டால் போதும். பெட்டி போடும்போது சுருட்டிய துண்டின் மேல் வைத்துப் போடுங்கள். கூம்பாக்கிய துணியைப் பலகையில் வைத்து அழுத்தினால் பாடுபட்டுச் செய்த வேலை தட்டையாகிவிடும்.

ஓசூர் லைன் 7:
நாடாவைப் பற்றி எங்கள் மாதிரிப் பிரிவில் கேட்டேன். ஐயா சொன்னதையே சொன்னார்கள். அக்குளின் அடியில் நாடா வைப்பதில்லை, முதல் தையலுக்கு எட்டில் ஒரு இஞ்ச் உள்ளே இரண்டாவது ஓட்டம் மட்டும், அதுவும் வளைவின் கீழ்ப்பாதிக்கு மட்டும் போடுகிறார்கள். என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

காவேரிப்பட்டினம் தையலகம்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நூல் அறுந்த இரண்டையும் டென்ஷனைத் தளர்த்தி, இஞ்சுக்கு 12 வீதம் தைத்துக் கொடுத்தேன், திரும்பி வரவில்லை. துணி அறுந்த இரண்டில் சதுரத் துண்டு வைத்தேன். முதல் துண்டு வைக்க ஒன்றரை மணி நேரமானது, நான்காவது அரை மணிக்குள் முடிந்தது. பட்டு ஜாக்கெட்டில் நழுவிய இடத்துக்குப் பின்னால் காட்டன் துண்டு வைத்துக் கையால் பிடித்திருக்கிறேன். உடையவரிடம் இனி பந்திக்கு இதைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

புதிதாக ஒருவருக்கு அக்குளை ஏற்றி, கை வளைவை முக்கால் இஞ்ச் குறைத்து வெட்டினேன். தோட்டத்துக்கு நான்கு நாள் போட்டுப் போனார், தையல் அப்படியே இருக்கிறது. ஆனால் கையைத் தொங்கவிட்டால் தோள் முனைக்குக் கீழே சுருக்கம் விழுகிறது என்கிறார். பாலக்கோட்டுத் தங்கை சொன்னது நடந்துவிட்டது. முக்கால் இஞ்சை அரை இஞ்சாக்கட்டுமா?

தகடூர்க் கத்தரி:
சுருக்கம் எந்தப் பக்கம் ஓடுகிறது? தோள் முனையிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகவா, அல்லது கையைச் சுற்றி வளையமாகவா?

காவேரிப்பட்டினம் தையலகம்:
அக்குளை நோக்கிச் சாய்வாக, ஐயா. கையைத் தூக்கியதும் மறைந்துவிடுகிறது.

தகடூர்க் கத்தரி:
அப்படியானால் அது குறையல்ல, தூக்குவதற்காக நாம் விட்ட துணி கையை இறக்கியதும் அங்கே போய் நிற்கிறது. வளையமாக ஓடியிருந்தால் கை இறுக்கம் என்று சொல்லியிருப்பேன். அடுத்ததில் அரை இஞ்ச் வெட்டிப் பாருங்கள், சுருக்கம் குறையும், தூக்குவதும் கொஞ்சம் குறையும். எது வேண்டும் என்று போடுகிறவரிடமே கேட்டுவிடுங்கள்.

காவேரிப்பட்டினம் தையலகம்:
கேட்டேன். மாங்காய் முடியும் வரை முக்கால் இஞ்சே இருக்கட்டும், ஆடிக்குத் தைக்கும் ஜாக்கெட்டுக்கு மட்டும் பழைய அட்டையை எடு என்று சொல்லிவிட்டார்.